முந்நூறு வெள்ளிக் காற்று

மேட்டின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று சொல்வதும் சரியில்லை. எஞ்சின் ஓடியது. முன்சக்கரங்கள் இரண்டும் சுழன்றன. செம்மண்ணை இரண்டு பக்கமும் வாரி இறைத்தன. வண்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு, யாரோ கீழேயிருந்து கூப்பிட்டதுபோல, மெல்லப் பின்னோக்கி இறங்கத் தொடங்கியது.

"பிரேக்கப் புடிடா," என்றார் மாமா கலியாணசுந்தரம், பின் இருக்கையிலிருந்து.

"புடிச்சிட்டுத்தான் இருக்கேன் மாமா."

"அப்புறம் ஏன் போவுது?"

கருணாகரன் பிரேக்கை இன்னும் அழுத்தினான். அவன் பஸ் கம்பெனி ஒன்றில் நேரக் கிராணி, அதாவது நேரம் எழுதும் குமாஸ்தா. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதத் தெரியும். ஏன் கிளம்பவில்லை என்பது வேறு ஆளின் வேலை.

பின் இருக்கையில் நான்கு பேர். ஜன்னலோரம் அம்மா பூங்காவனம். அடுத்து மாமி சிவகாமசுந்தரி. மாமிக்கு மேல் பாதியும் கதவின் மேல் பாதியுமாக மாமா. இருக்கை நுனியில் மிச்சமிருந்த இடத்தில், மடியில் குடையோடு, தரகர் பொன்னுதுரை. பழைய பிரெஞ்சுக் கார் அது; மூன்று பிரெஞ்சுக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட இருக்கை. அவர்களும் ஒல்லியானவர்களாக இருந்திருக்க வேண்டும்.

முன்னால் கருணாகரன். அவனுக்குப் பக்கத்தில் தாம்பூலத் தட்டு. பெண் கேட்கப் போகும்போது தட்டு முதலில் போக வேண்டும், ஆட்கள் அதற்குப் பின்னால்தான். பூங்காவனத்தின் வீட்டு வழக்கம் அது. மாமாவுக்கும் இதில் வருத்தமில்லை. டிரைவர் பக்கத்து இருக்கை ஆபீஸ் பியூனின் இடம் என்பது அவர் கட்சி.

வண்டி வழுக்கிக்கொண்டே அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. மேட்டின் உச்சியில் பெண்ணின் அப்பா சேதுராமன் வீட்டு வராந்தா தெரிந்தது. மெர்டேக்கா என்ற சுதந்திரம் நெருங்க, வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த வருஷம். நில ஆபீஸ் தலைமைக் கிராணியான சேதுராமனுக்கு, அப்படிக் காலியான ஒரு குவார்ட்டர்ஸ் புக்கிட் பெரிங்கிட் மேட்டில் கிடைத்திருந்தது. வீட்டோடு அந்தச் செங்குத்தான சந்தும் கிடைத்திருந்தது.

"நடந்து போயிரலாமே," என்றான் கருணாகரன்.

"கார் வச்சிருக்கிற மாப்பிள்ளன்னு சொல்லி வச்சிருக்கேன் தம்பி," என்றார் பொன்னுதுரை. "அதக் கேட்டுத்தான் மனுஷன் ஜாதகத்தையே கையில வாங்குனாரு."

"என் முட்டி என்ன ஆவுறது?" என்றாள் அம்மா.

காஜா பெராங்கில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அம்மாவுக்குத் தலைசுற்றல் என்று மேலே சொல்லியனுப்பினார்கள். சொல்லியனுப்பிய பிறகு, தன்னை ஏன் நோயாளி ஆக்கினார்கள் என்று அம்மா இரவு முழுக்க முணுமுணுத்தாள்.

கருணாகரனுக்கு வயது முப்பத்தொன்று. இதற்கு முன் நான்கு பெண்களைப் பார்த்து, நான்கு வீட்டிலும் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தவன். சேதுராமன் மகள் சீதா விஷயம் வேறு. பள்ளிக்கூட டீச்சரான அவள், பஸ்ஸில் விட்டுப்போன குடையைக் கேட்டுக்கொண்டு ஒருநாள் அவன் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். அடையாளம் சொல்லச் சொன்னான். "கறுப்பு. மூணாவது கம்பி துருப்புடிச்சிருக்கும். விரிச்சுப் பாத்தாத் தெரியும். ஆனா உள்ளே விரிக்காதீங்க, மூட முடியாது," என்றாள். அவன் விரித்தான். மூட முடியவில்லை. அவள் வாங்கி, ஒரு தட்டுத் தட்டி மூடி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். தரகர் கொண்டுவந்த படத்தில் அதே முகத்தைப் பார்த்ததும், கேசரி வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தான்.

மறுநாள் சாயங்காலம் வண்டியை யூனுஸ் பாய் பட்டறையில் கொண்டு நிறுத்தினான். பாய் அதைச் சுற்றி வந்தார். பத்தொன்பது வயதான பிரெஞ்சு வண்டி. ஊருக்குத் திரும்பிய ஒரு பாதிரியாரிடமிருந்து அறுநூறு வெள்ளிக்கு வாங்கியது.

"ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் பின்சக்கரம் தள்ளும். இது ஒண்ணுதான் முன்சக்கரம் இழுக்கிற சாதி," என்றார் பாய். "நல்ல சாதிதான். வாங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்."

பாய் கருணாகரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். போனார்கள். வண்டி மூச்சிரைத்தது, முனகியது, ஏறியது. உச்சியில் திருப்பி, இறங்கி வந்தார்கள். இன்னொரு முறை போனார்கள். மறுபடியும் ஏறியது.

"வண்டியில ஒண்ணும் இல்ல தம்பி."

"நேத்து ஏறல பாய்."

"ஆளு எத்தன?"

"அஞ்சு பேரு."

"அஞ்சு பேரு இந்த வண்டிக்குத் தூசு. பாதிரியார் ஞாயித்துக்கிழமை ஒம்பது புள்ளைங்கள அள்ளிப் போட்டுட்டுப் போவாரு."

இதைக் கருணாகரன் வீட்டில் சொன்னது தப்பாகப் போயிற்று. வண்டியில் கோளாறு இல்லையென்றால் வேறெதிலோ கோளாறு என்று அம்மா எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள்.

"மொதத் தடவை தடங்கல். ரெண்டாந் தடவை எச்சரிக்கை. மூணாந் தடவையும் ஏறலன்னா அது சாமி சொல்ற பதில். அதுக்கு மேல நான் அந்த மேட்டுப் பக்கமே வரமாட்டேன்."

"சாமிக்கும் கியருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒம்பது புள்ளைங்கள ஏத்துன வண்டி, என்னைய ஏத்தலன்னா என்ன அர்த்தம்?"

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அவருக்கு ஓர் அர்த்தம் தோன்றியது. அக்காவின் உடம்பைப் பார்த்தார். மறுபடி சோற்றைப் பிசைந்தார்.

சாமியின் பதிலுக்குக் காத்திருக்கக் கருணாகரனுக்கு விருப்பமில்லை. இது சக்தி போதாத விஷயம் என்று அவன் கணக்குப் போட்டான். இரண்டு பேருக்கு ஏறுகிறது, ஐந்து பேருக்கு ஏறவில்லை. எஞ்சினுக்குக் கூடுதல் பலம் கொடுத்தால் ஐந்து பேருக்கும் ஏறும். யார் போட்டாலும் இந்தக் கணக்கு இப்படித்தான் வரும்.

யூனுஸ் பாயின் பட்டறை மூலையில், சாக்கு மூடி, ஒரு சாமான் கிடந்தது. ரேஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துத் துரை, கப்பலேறும் அவசரத்தில் விட்டுப்போனது. எஞ்சின் சுழற்சியிலேயே வாரைப் போட்டுச் சுற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். சூப்பர்சார்ஜர் என்று துரைகள் சொல்வார்கள். பாய் அதை ஊதி என்றார்.

"இத மாட்டுனா எவ்வளவு பலம் கூடும் பாய்?"

"பாதிக்குப் பாதி கூடும். ஆனா மாட்டாதீங்க."

"ஏன்?"

பாய் விரலை மடக்க ஆரம்பித்தார். "ஊதி முந்நூறு வெள்ளி, அதுவும் உங்களுக்காக. அதத் தாங்க இரும்புப் பட்டை, புது வாரு, வேற கார்புரேட்டர். அது ஒரு நூறு. காத்த அடைச்சா எஞ்சின் சூடாவும், ரேடியேட்டர் தாங்காது. கேஸ்கெட் வாயப் பொளக்கும். கியர்பாக்ஸ் சங்கதி தனி. இந்த வண்டியில அது பல்லு ஆடுற கெழவன் மாதிரி, முறுக்கு கடிக்கச் சொல்றீங்க. பெட்ரோலு கள்ளுக்கடையில கள்ளு மாதிரி இறங்கும். அறுநூறு வெள்ளி வண்டிக்கு அறுநூறு வெள்ளி வைத்தியம். அந்தக் காசுக்கு மேட்டு மேலேயே ஒரு வீடு வாடகைக்குப் புடிக்கலாம் தம்பி."

பாய் நேர்மையானவர். தொழிலில் அதனாலேயே முன்னுக்கு வராதவர். அவர் சொன்னதையெல்லாம் கருணாகரன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, தாலிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தான்.

ஊதியைப் பொருத்த நான்கு நாள் ஆயிற்று. சோதனை ஓட்டத்துக்குப் பாயும் அவனும் போனார்கள். அடிவாரத்தில் மிதித்தான். வண்டி ஊளையிட்டது. அடுத்து கருணாகரனுக்கு ஞாபகமிருப்பது உச்சியும், சேதுராமன் வீட்டுக் கோழிகள் நான்கு திசையிலும் பறந்ததும்தான்.

பாய் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். "இனிமே எத்தன பேர வேணும்னாலும் ஏத்துங்க," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஐந்து பேர், அதே தட்டு. முதல்நாள் சாயங்காலம் சுங்கை ஆற்றோரத்து மரத்தில் பழுத்ததென்று, மாமி ஒரு பெரிய பலாப்பழத்தையும் கொண்டுவந்திருந்தாள். அது பின்பெட்டிக்குப் போயிற்று.

மேட்டின் பாதியில் கருணாகரன் நம்பிக்கையோடு மிதித்தான். சக்கரங்கள் போன தடவையைவிட இரண்டு மடங்கு வேகமாகச் சுழன்றன. செம்மண் போன தடவையைவிட இரண்டு மடங்கு உயரம் பறந்தது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வண்டி நிற்கவும் இல்லை, ஏறவும் இல்லை. தேரில் அம்மன் வரும்போது ஆடுகிறவர்களைப்போல இடமும் வலமும் தலையை ஆட்டிவிட்டு, பின்புறமாகச் சறுக்கி, வாலைச் சாக்கடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"எச்சரிக்கை," என்றாள் அம்மா.

பொன்னுதுரை குடையை எடுத்துக்கொண்டு மேலே நடந்துபோனார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. அரைமணி கழித்துத் திரும்பி வந்தார். வாயோரம் முறுக்குத் தூள் ஒட்டியிருந்தது.

"என்ன சொன்னாரு?" என்றார் மாமா.

"பெட்ரோல் இல்லாமலே இவ்வளவு சத்தமான்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"அடுத்த ஞாயித்துக்கெழம ஆனியில கடைசி. ஆடி பொறந்துட்டா அவரு பேசமாட்டாரு. சிரம்பான்ல ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெஸ்ஸர் ஒருத்தருக்குக் கேட்டுவிட்டிருக்காங்களாம். அடுத்த வாரம் வந்தா வாங்க, இல்லன்னா அந்தப் பக்கம் சரின்னு சொல்லிருவேன்னாரு."

"சீதா... அந்தப் பொண்ணு இருந்திச்சா?" என்றான் கருணாகரன்.

"இருந்திச்சு. சன்னல்ல நின்னு கீழ பாத்துட்டு இருந்திச்சு."

"ஏதாவது சொல்லுச்சா?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்திச்சு தம்பி. இருமலாவும் இருக்கலாம்."

அந்த வாரம் வீட்டில் விசாரணை நடந்தது. பாயோடு போனால் ஏறுகிறது, குடும்பத்தோடு போனால் இறங்குகிறது. அப்படியென்றால் குடும்பத்தில் ஒருவருடைய ராசி வண்டியைப் பிடித்து இழுக்கிறது. யாருடையது என்பதுதான் கேள்வி. மாமி, தான் பிறந்த பிறகுதான் அப்பாவுக்குத் தோட்டத்தில் கங்காணி வேலை கிடைத்தது என்று ஆரம்பித்தாள். அம்மா, அதே வருஷம்தான் ரப்பர் விலை விழுந்தது என்றாள். மாமா கொல்லைப்புறம் போய்விட்டார்.

"நான் வேணா வரலம்மா," என்றார் பொன்னுதுரை பெருந்தன்மையாக.

"நீங்க வரலன்னா நாலு பேராயிரும். ரெட்டைப்படையில போயா பொண்ணு கேக்குறது?"

ஆகவே ஆட்கள் மாறவில்லை. அம்மா நேரத்தை மாற்றினாள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வாங்கினாள். கருணாகரன் பாயிடம் போனான்.

"இன்னும் பலம் வேணும் பாய்."

"இதுக்கு மேல குடுத்தா எஞ்சின் பானெட்டத் தொறந்துட்டு எறங்கி வந்துரும்."

"வரட்டும். ஞாயித்துக்கெழம மேல போனதுக்கு அப்புறம் வரட்டும்."

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாக வண்டிகளைப் பார்த்தவர், உடைந்து போகப்போகிற சாமானை முகத்திலேயே கண்டுபிடிப்பார். மறுபேச்சு இல்லாமல் வார் ஓடும் சக்கரத்தைச் சின்னதாகப் பார்த்து மாட்டி, ஊதியின் வேகத்தைக் கூட்டினார். கேஸ்கெட் அன்றைக்கே போயிற்று. புதியது போட்டார்கள். ரேடியேட்டர் கொதித்தது. வழியில் ஊற்ற இரண்டு மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் நிரப்பிப் பின்பெட்டியில் வைத்தார்கள். கியர்பாக்ஸ் போனால் என்ன செய்வது என்று, வெளியூரில் உடைத்த இதே சாதி வண்டி ஒன்றிலிருந்து இன்னொரு கியர்பாக்ஸை எடுத்து அதையும் பின்பெட்டியில் போட்டார்கள். கூடவே பாயின் கருவிப்பெட்டி. மாமியின் இரண்டாவது பலாப்பழம்.

தாலிப் பணத்தில் பதினோரு வெள்ளி மிஞ்சியது. பதினோரு வெள்ளிக்கு மஞ்சள் கயிறு நிறைய வாங்கலாம் என்று கருணாகரன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஆனியின் கடைசி ஞாயிறு. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஊதியின் ஓலம் காஜா பெராங் முழுவதும் கேட்டது. மெர்டேக்காவுக்கு வளைவு கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்கள். ஜப்பான்காரன் காலத்துச் சைரன் ஞாபகம் வந்து, சீனக் கடைக்காரர் ஒருவர் பலகையைப் போட்டு மூடினார்.

"சுதந்திரம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கப் போறாங்க," என்றார் மாமா.

மேட்டின் பாதி. கருணாகரன் கடைசிவரை மிதித்தான். வண்டி அலறியது. முன்சக்கரங்கள் சுழன்ற வேகத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. அவை மண்ணைத் தோண்டி, கல்லைத் தோண்டி, அச்சு வரைக்கும் உள்ளே போயின. பிறகு பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. எஞ்சினை நிறுத்தினான். மேட்டுக்கு மேலே கோழிகள் கொக்கரிப்பது கேட்டது.

அவன் இறங்கினான். பின்னால் இருந்தவர்கள் இறங்கவில்லை. கீழே செம்மண் சேறு, எல்லாரும் பட்டு உடுத்தியிருந்தார்கள்.

"முடிஞ்சு போச்சு," என்றாள் அம்மா ஜன்னல் வழியாக. கோபமில்லாமல்தான் சொன்னாள். "மூணு தடவை கேட்டாச்சு. பதிலும் வந்தாச்சு. வண்டியத் திருப்பு."

"திருப்ப முடியாதும்மா. புதைஞ்சிருக்கு."

"எடுத்ததுக்கு அப்புறம் திருப்பு. வேற எடம் பாப்போம்."

"வேற எடம் வேணாம்."

அம்மா அவனைப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷத்தில் அவன் வேண்டாம் என்று சொன்னது உப்புமாவை மட்டும்தான்.

"எனக்கு அந்தப் பொண்ணுதான்," என்றான் கருணாகரன். "சாமி பதில் சொல்லிருக்கலாம். நான் கேள்வியே கேக்கல."

மாமி மாமாவின் விலாவில் இடித்தாள். மாமாவுக்கு இடம் பெயர வழியில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து மணிச்சத்தம் கேட்டது. ஒற்றை மாட்டு வண்டி. குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு விறகு போடும் ஜெயபாலன் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்னால் இருந்த விறகுக் கட்டுகளை ஒவ்வொன்றாக முன்பக்கம் தள்ளி வைத்தார். பிறகு நாக்கைச் சொடுக்கினார். மாடு அவசரப்படாமல் ஏறி வந்தது. புதைந்திருந்த வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் தானாக நின்றது.

கருணாகரன் ஓடினான். "அண்ணே, ஒரு ஒத்தாசை. கயிறு போட்டு மேல வரைக்கும் இழுத்து விடுங்க."

"மாட்டக் கட்டி இழுத்துட்டுப் போயா பொண்ணு கேக்கப் போறோம்?" என்றார் மாமா. "அதுக்கு நான் ஊருக்கு வெளிய செமாபோக்குக்கே நடந்து போயிருவேன்."

அம்மா மாட்டைப் பார்த்தாள். மாடு அம்மாவைப் பார்த்தது. வெள்ளை மாடு. நெற்றியில் யாரோ குங்குமம்கூட வைத்திருந்தார்கள்.

"நந்தி," என்றாள் அம்மா மெல்ல.

"என்னக்கா?"

"நந்தி வந்து இழுத்தா அது வேற கணக்குடா. இது மூணாந் தடவையில சேராது."

கருணாகரனுக்கு மூச்சு வந்தது. பையில் இருந்த பதினோரு வெள்ளியில் ஐந்தை எடுத்து நீட்டினான். ஜெயபாலன் அதை வாங்கவில்லை. கயிற்றைத் தோளில் போட்டபடி காரைச் சுற்றி வந்தார். ஆவி விடும் பானெட்டைப் பார்த்தார். பாரத்தில் தாழ்ந்து கிடந்த பின்புறத்தைப் பார்த்தார்.

"எஞ்சின் செத்துப்போச்சா?"

"இல்லண்ணே. நல்லா ஓடுது. ஊதி போட்ருக்கு, அதுவே முந்நூறு வெள்ளி."

"சக்கரம் சுத்தலியா?"

"சுத்துது. அதான் தோண்டிருக்கே."

"இழுக்கிறது எந்தச் சக்கரம்?"

"முன்சக்கரம். ஊர்ல இது ஒண்ணுதான் அப்படி," என்றான் கருணாகரன், கொஞ்சம் பெருமையாகவே.

ஜெயபாலன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் நான்கு பேர் வரிசையாக அவரைப் பார்த்தார்கள். முன்னால், சிவப்புத் துணி போர்த்திய தட்டு, இருக்கையின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தது. அவர் தோளிலிருந்த கயிற்றை எடுத்து, மறுபடியும் தன் வண்டிக்குள் போட்டார்.

"இழுக்கிறது முன்னால இருக்குங்கிறீங்க, அப்புறம் ஆளுங்க அத்தன பேரையும் பின்னால அடைச்சிட்டு, முன்னால தேங்கா பழத்த உக்கார வச்சா, எந்த மாடு தம்பி ஏறும்?"